உடம்பைப் பார்க்க மறந்தோம்

காய்ச்சல் என்று வந்தால் நமக்குத் தெரிந்த பெயர்கள் நாலைந்துதான். டெங்கு, மலேரியா, டைபாய்டு, சிக்குன்குனியா. எதிலும் சிக்காவிட்டால் "வைரல்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இந்தப் பட்டியலில் சேராத காய்ச்சல்கள் நம் வரப்பிலும், கொல்லைப்புறத்திலும், நாய் படுத்திருக்கும் திண்ணையிலும், எலி ஓடும் மளிகைக் கிடங்கிலும் காலங்காலமாக இருந்துவருகின்றன. உண்ணியும் அதன் சுற்றத்தாரும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் பாக்டீரியாக் காய்ச்சல்கள் அவை. அவற்றின் பெயரைக்கூட நாம் தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை. படித்தவர்கள், எழுதுகிறவர்கள், ஊரில் நாலு பேருக்கு யோசனை சொல்கிறவர்கள் என்று நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் நாமும்தான்.

இவை அபூர்வமான நோய்கள் என்றால் தெரியாமல் இருந்ததை மன்னித்துவிடலாம். அபூர்வமே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நகரம், சமவெளிக் கிராமம், காட்டோர மலைக்கிராமம் என்று மூன்று வகை இடங்களில் மக்களின் ரத்தத்தைச் சோதித்து, முடிவுகளை 2020-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ரத்தத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலின் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. உண்ணிகள் பரப்பும் புள்ளிக் காய்ச்சலின் தடயம் பத்தில் ஒருவரிடம். எலித்தெள்ளு பரப்பும் எலி டைபஸின் தடயம் இருபதில் ஒருவரிடம். சமவெளிக் கிராமங்களில் ஸ்க்ரப் டைபஸ் அதிகம், காட்டோரத்தில் புள்ளிக் காய்ச்சல் அதிகம், நகரத்தில் எலி டைபஸ் அதிகம். ஆக, "இது எங்கள் பக்கம் இல்லை" என்று சொல்லி ஒதுங்க யாருக்கும் இடமில்லை.

2025-ல் இன்னொரு ஆய்வு வந்தது. வட தமிழகத்தின் 37 கிராமங்களில் ஏறக்குறைய 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகத் தொடர்ந்து கவனித்து எழுதியது. கிராமத்து மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை ஒவ்வோர் ஆண்டும் ஸ்க்ரப் டைபஸ் கிருமியைப் பெறுகிறார்கள் என்றது அது. தொற்றியவர்களில் நூற்றுக்கு எட்டிலிருந்து பதினைந்து பேருக்குத்தான் காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்கு வந்ததும் போனதும் தெரியவில்லை. ஆனால் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பத்தில் மூன்று பேருக்குக் காரணம் இதுதான். ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு நூறு பேர் வரை கடிபட்டுத் தொற்றுக்கு ஆளாகி, அவர்களில் எட்டு முதல் பதினைந்து பேர் காய்ச்சலில் படுக்கிறார்கள். அந்தப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நாம் இருந்திருக்கிறோம். கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறோம். என்ன காய்ச்சல் என்று மட்டும் கேட்கவில்லை.

ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது உண்ணிக்கு உறவான ஒரு நுண்ணிய பூச்சி. அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான் விலங்குகளையும் மனிதரையும் கடிக்கும். அந்தக் குஞ்சு கால் மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. புல் நுனியில் ஏறி உட்கார்ந்து, எலியோ மூஞ்சூறோ மனிதக் காலோ உரசிப்போகும்வரை காத்திருக்கும். கடித்தால் வலிக்காது. துணி இறுக்கும் இடத்தைத் தேடிப் போய்த்தான் கடிக்கும். இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழ், முழங்காலின் பின்புறம். ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். தலை பிளக்கும், உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகும். கடித்த இடத்தில் பலருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிச் சிவந்த வளையமுமாக ஒரு புண் தெரியும். மருத்துவர்கள் இதை எஸ்கார் என்கிறார்கள். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே உடம்புக்கு உரியவருக்கே அது இருப்பது தெரியாது. வேறு ஒருவர் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

அந்தத் தேடலைத்தான் நாம் விட்டுவிட்டோம். கடலை பிடுங்கிவிட்டும், களை எடுத்துவிட்டும், நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் புதரை வெட்டிவிட்டும் வரும் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அவர் சொல்லவே மாட்டார். சொன்னால் ஒரு நாள் கூலி போகும். இரண்டாம் நாள் பெட்டிக்கடையில் ஒரு காய்ச்சல் மாத்திரை. மூன்றாம் நாள் மகன் மருந்துக் கடைக்குப் போய், "அம்மாவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்கண்ணா" என்று கேட்டு, காகித உறையில் நாலு வகை மாத்திரை வாங்கி வருவான். ஐந்தாம் நாள் பக்கத்து ஊர் மருத்துவர் ஓர் ஊசி போடுவார். இத்தனை நாளில் எத்தனை பேர் அவரைப் பார்த்திருப்போம்? சேலையை விலக்கி இடுப்பில், மார்புக்குக் கீழ், தொடையிடுக்கில் புண் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அவருக்குக் கூச்சம். நமக்கும் கூச்சம். "எங்கே வேலை செஞ்சீங்க, புல்லு மேல உக்காந்தீங்களா?" என்று கேட்கவும் தோன்றவில்லை.

ஒரு திரை, ஒரு பெண் செவிலியர், ஐந்து நிமிடம். எஸ்காரைக் கண்டுபிடிக்க வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் என்றால் மகளோ மருமகளோ அக்காவோ விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். அதைக் கேட்டு வாங்கும் துணிச்சல் நமக்கு இருந்ததில்லை. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லி, மார்பில் கருவியை வைத்து, சீட்டு எழுதியதும் எழுந்து வந்துவிடுகிறோம். வரிசையில் அடுத்தவர் நிற்கிறார், பேருந்துக்கு நேரமாகிறது என்று நமக்கும் அந்த அவசரம் வசதியாக இருந்தது.

இந்த அவசரத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் உடம்பின் செல்களுக்கு உள்ளே போய்க் குடியிருக்கும் வகையைச் சேர்ந்தது. நாம் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்ற மாத்திரைகள் அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் குறையாத அந்த நாட்களில் கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்கி நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று பரவும். மூச்சு வாங்கும், மஞ்சள் காமாலை வரும், நினைவு தடுமாறும், ரத்த அழுத்தம் இறங்கும். கருவுற்ற பெண் என்றால் கரு கலையும் அபாயமும் உண்டு. தீவிரச் சிகிச்சைப் பிரிவு வரை போன பிறகு பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

ஆனால் சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைத்தால், பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். டாக்ஸிசைக்ளின் என்பது அதன் பெயர். 1960-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும், சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. ஸ்க்ரப் டைபஸ், புள்ளிக் காய்ச்சல், எலி டைபஸ் மூன்றுக்கும் இந்த ஒரே மருந்து கேட்கும். கருவுற்றவர்களுக்கு மருத்துவர்கள் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் மருத்துவர்கள் தலைமையில் பல இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ல் காட்டியது. உலகத்துக்கே வழிகாட்டும் பதில் நம் ஊரிலிருந்து போயிருக்கிறது. அதே ஊரில், அதே தெருவில், கேள்வி கேட்காமல் நாம் இருந்திருக்கிறோம்.

மறந்தது இன்று நேற்றல்ல. 1920-களில் மலாயாவில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் பிளெட்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த வகைக் காய்ச்சல்களை ஆராய்ந்தார்கள். தோட்டக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது ஒன்று, கடைத்தெருவிலும் நகரத்திலும் இருப்பவர்களுக்கு வருவது இன்னொன்று என்று அங்கே பிரித்துக் காட்டப்பட்டது. நம் முன்னோரில் எத்தனையோ பேர் தோட்டக் கூலிகளாகப் போன அதே மலாயா. இரண்டாம் உலகப் போரில் பர்மா, அஸ்ஸாம் காடுகளில் போர்வீரர்களை ஸ்க்ரப் டைபஸ் கொத்துக்கொத்தாகப் படுக்க வைத்தது. 1948-ல் கோலாலம்பூரிலேயே ஜோசப் ஸ்மாடலின் குழு குளோராம்ஃபெனிகால் மருந்தால் அதைக் குணப்படுத்திக் காட்டியது. அதாவது இது குணமாகும் நோய் என்று உலகத்துக்குத் தெரிந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதற்குப் பின் இது போர்க்காலக் கதையாகிப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போயிற்று. 2001 குளிர்காலத்தில் வேலூரில் நோயாளிகள் தொடர்ந்து வந்து, அதை மருத்துவர்கள் பதிவு செய்தபோது, பழைய நோய் திரும்பிவிட்டது என்று பேசினோம். அது போயிருந்ததா, நாம்தான் பார்ப்பதை நிறுத்தியிருந்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவில்லை.

தெள்ளுப்பூச்சி விஷயத்தில் நம் மறதி இன்னும் ஆழமானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. அதுவும் எலித்தெள்ளு சுமந்து வந்த பாக்டீரியாதான். வீட்டில் எலி செத்து விழுந்தால் உடனே வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கிய தலைமுறை அது. அந்தப் பயத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்றும் இருக்கின்றன. நாம் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வருகிறோம். அம்மனை மறக்கவில்லை. அவளிடம் போய் நின்றவர்களுக்கு எலியைப் பற்றியும் தெள்ளைப் பற்றியும் தெரிந்திருந்ததை மறந்துவிட்டோம். இன்று கடைத்தெருவில் மிஞ்சிய சோற்றைச் சாக்கடையோரம் கொட்டுகிறோம். கிடங்கில் எலி ஓடினால் பொருள் சேதத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறோம். எலியின் தெள்ளு கழித்த எச்சம் சொறிந்த தோல் வழியாக உள்ளே போனாலே எலி டைபஸ் வரும் என்பது நம் கணக்கில் ஏறவில்லை.

உண்ணி மட்டும் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நாயின் காது மடிப்பில், கால் விரலிடுக்கில், ஆட்டின் வாலடியில், மாட்டின் மடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். உட்கார்ந்து பொறுமையாகப் பிடுங்குவோம். ரத்தம் குடித்து உப்பிய உண்ணியை நகத்தால் நசுக்குவதும், கல்லில் வைத்துத் தேய்ப்பதும் நமக்குப் பழக்கம். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து நசுக்குவார்கள். நசுக்கும்போது தெறிக்கும் நீரிலும் கிருமி இருக்கலாம், விரலில் கீறல் இருந்தால் உள்ளே போகலாம் என்று நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. நமக்கும் யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்து, மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டுவிட்டுக் கைகழுவினால் போதும். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சலோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வந்தால், அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டிப் படுக்க வைக்கிறோம். புள்ளிக் காய்ச்சலின் முக்கியமான அடையாளமே அந்த உள்ளங்கைப் புள்ளிகள்தான்.

வீட்டைச் சுற்றிலும் நம் கைவேலை தெரிகிறது. விலை ஏறட்டும் என்று மனை வாங்கிக் கல் நட்டுவிட்டுப் போனோம். அதில் கோரையும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் வளர்ந்தன. குப்பையை அதன் ஓரத்தில் நாமே கொட்டினோம். குப்பைக்கு எலியும் மூஞ்சூறும் வந்தன, அவற்றின் மேல் ஏறிப் பூச்சிக் குஞ்சுகளும் வந்தன. அந்தக் காலி மனையின் வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் அந்தப் புதர் மேலேயே துணி காயப்போடுகிறார்கள். கழிப்பறை இல்லாத வீட்டுக்காரர்கள் இருட்டில் அந்தப் புதருக்குத்தான் போகிறார்கள். நம் சொத்து, நம் சேமிப்பு என்று நினைத்த இடம் அடுத்தவர் வீட்டுக் காய்ச்சலுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எழுதுகிறவர்களின் பங்கும் சின்னதல்ல. "மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி" என்று தலைப்புப் போட்டோம். மறுநாள் வேறு செய்திக்குப் போனோம். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்ததை எல்லாரும் எழுதினோம். அந்தக் குழந்தைகளில் பெரும்பகுதியினருக்கு ஸ்க்ரப் டைபஸ் இருந்ததாகப் பின்னர் ஆய்வுகள் கண்டுபிடித்ததை எழுதியவர்கள் குறைவு. மரணம் செய்தியானது, காரணம் செய்தியாகவில்லை. ஒவ்வொரு புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் டெங்கு பற்றி எழுதுகிறோம். அதே மழையில் தொடங்கி மாசி வரை நீளும் இந்தக் காய்ச்சலுக்கு நாலு வரி ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கொசுவைப் பற்றித் தெரிந்ததால் கொசுவையே பார்த்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நோய் அதிகம் தொடுவது யாரை? வரப்பில் குந்தி வேலை செய்கிறவரை, விறகு பொறுக்குகிறவரை, ஆடு மேய்க்கிறவரை, புல் அறுத்துச் சுமக்கிறவரை. அவர்கள் விளைவித்த அரிசியையும் கடலையையும் நாம் சாப்பிடுகிறோம். அவர்களுக்கு வந்தால் அது "உழைத்த அலுப்பு". நமக்கு வந்தால் அது ரத்தப் பரிசோதனை. நகரத்தில் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்ததால்தான் நம் பேச்சில் இந்தக் காய்ச்சலுக்கு இடமில்லாமல் போயிற்று. வேலூர் நகரத்துக்காரர்களின் ரத்தத்திலும் மூன்று நோய்களின் தடயமும் இருந்தது என்பதை மறுபடியும் நினைவில் கொள்வோம்.

இத்தனையையும் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. இதில் திருத்திக்கொள்ள முடியாதது என்று எதுவுமே இல்லை. இந்த நோய்களுக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் வயலுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம். புல்லில் உட்காருமுன் ஒரு சாக்கை விரிக்கலாம். வந்ததும் குளித்துத் துணி மாற்றிவிட்டுச் சாப்பிடலாம். துணியைக் கொடியில் காயப்போடலாம். மனை வைத்திருக்கிறவர்கள் மழைக்கு முன்பும் பின்பும் புதரை வெட்டலாம். நாய் வளர்க்கிறவர்கள் உண்ணி மருந்துக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்கலாம். வயலில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள், காய்ச்சல் என்று ஒருவர் சொன்னால் கூலியைப் பிடிக்காமல் அனுப்பி வைக்கலாம். அந்த ஒரு நாள் கூலி அவருடைய உயிராக இருக்கக்கூடும்.

காய்ச்சல் வந்துவிட்டால் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். மருந்துக் கடையில் நின்று மாத்திரை கேட்காதீர்கள். மூன்று நாள் தாண்டினால் கட்டாயம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். போகுமுன் வீட்டில் ஒருவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை, மடிப்புகளை எல்லாம் விலக்கி, கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் முதல் வாரத்தில் தவறவிடக்கூடும். அதனால் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்: வயலில் வேலை செய்தேன், புதரில் போனேன், உண்ணி பிடுங்கினேன், வீட்டில் எலி நடமாட்டம் உண்டு என்று. சொல்லிவிட்டு, "ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. கேட்காமல் எழுந்து வந்த நம் பழக்கம்தான் இத்தனை நாள் தப்பாக இருந்தது. இந்த மழைக்காலத்திலிருந்து அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வோம்.